அடைக்கலம் தந்த வீடு

கைம்பெண்ணின் கண்ணீரைக் கண்டு இரக்கம் பேசியோர் பலர்; அவளுக்குக் கதவு திறந்தோர் மிகச் சிலர். அச்சிலருள் முன்வரிசையில் நிற்பவர்கள் ஜோதிராவ் பூலேயும் அவர்தம் துணைவியார் சாவித்திரிபாயும். 1863இல் பூனா நகரிலே, தம் சொந்த இல்லத்திலேயே அவர்கள் நிறுவிய காப்பகத்தின் வரலாற்றை நாம் அறிந்திடல் வேண்டும்.

அந்நாளைய நிலை யாது? பால்மணம் மாறாப் பருவத்திலே திருமணம். வாழ்வு இன்னதென்று அறியுமுன்னரே தாலி இழப்பு. பின்னர் மழித்த தலையும் மூலை வாழ்வும்! கைம்பெண் மறுமணம் செல்லும் என்று 1856இலேயே சட்டம் வந்தது. ஏட்டில் ஏறிய சட்டம், வீட்டில் நுழையவில்லை. அடைபட்டுக் கிடந்த இளம்பெண்ணை ஆடவன் ஒருவன் கெடுப்பான். கருவுற்றதும் கை கழுவுவான். ஊர் தூற்றியது அவனையா? அவளைத்தானே!

பூலேயின் நண்பர் வீட்டில் சமையல் வேலை பார்த்த பார்ப்பனக் கைம்பெண் ஒருத்திக்கு நேர்ந்ததும் இதுவே. சாஸ்திரம் கற்ற ஒருவனால் கருவுற்றாள். கருவைக் கலைக்க முயன்றும் இயலவில்லை. மானம் போகுமே என்றஞ்சி, பெற்ற பிள்ளையையே கொன்றாள். நீதிமன்றம் அவளை அந்தமானுக்கு அனுப்பிற்று. கெடுத்தவனோ ஊரிலே!

அந்த வழக்குக்குப் பின்னரே காப்பகம் எழுந்தது. மறைவாக வந்து மகவு பெறலாம், பிள்ளையை உடன் கொண்டுசெல்வதும் விட்டுச்செல்வதும் தாயின் விருப்பம் என்று நகரிலே அறிவிப்புகள் ஒட்டப்பட்டன. வந்தவளிடம் குற்றம் விசாரிக்கவில்லை. முடிவெடுக்கும் உரிமையை அவளிடமே தந்தனர். பெண்களுக்குக் கல்வி புகட்டியதற்காகச் சாவித்திரிபாய்மீது சாணி வீசினர் வைதிகர். அந்த வைதிகர் வீட்டுப் பெண்களுக்கே அவர் தாயானார்!

1884இல் பூலே தந்த கணக்கு நெஞ்சை உலுக்குகிறது. அதுவரை அங்கு வந்து பிள்ளை பெற்றோர் 35 பேர். உயிரோடிருந்த குழந்தைகள் ஐந்தே! கருவை மறைக்கத் தாய்மார் உட்கொண்ட நச்சு மருந்துகளே மற்ற 30 குழந்தைகளையும் மாய்த்தன என்கிறார் அவர். வீடு திறந்திருந்தது, ஆனால் அச்சம் அவர்களை முன்னரே தீண்டிவிட்டது. அடைக்கலம் மட்டும் போதாது, அடைக்கலம் தேடி அஞ்சாது வரும் சூழலும் வேண்டும் என்பதே அக்கணக்கு புகட்டும் பாடம்.

அங்கு பிறந்த யஷ்வந்த் என்னும் மகவைப் பூலே இணையர் தத்தெடுத்தனர், அவர் மருத்துவரானார். 1897இல் பிளேக் நோய் பரவியபோது, அந்த மகனோடு நின்று நோயாளருக்குத் தொண்டாற்றிய சாவித்திரிபாய், அந்நோய்க்கே உயிரீந்தார்.

பதினெட்டு வயது நிரம்பாப் பெண்ணுக்கு மணம் கூடாதென்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆயினும் வகுப்பறையில் பெண்ணொருத்தியின் இடம் திடீரென வெறுமையாவதை ஆசிரியர்களாகிய நாம் இன்றும் காண்கிறோம். வயிற்றில் பிள்ளையோடு நிற்கும் சிறுமியைப் பழிப்பதா, மருத்துவமும் மறுபடி படிக்க இடமும் தந்து அணைப்பதா? பூனாவிலே ஓர் இணையர் தம் வீட்டுக் கதவைத் திறந்து விடை கூறினர். நம் பள்ளிக் கதவுகள் என்ன விடை கூறப் போகின்றன?