நிகண்டு முதல் கிரகித்தல் வரை: பிள்ளையளுக்குச் சொல் படிப்பித்த கதை

தரம் 6இலிருந்து 9 வரைக்கும் இலங்கையில் தமிழ்ப் பாடம் படிச்ச எவருக்கும் ‘கிரகித்தல்’ எண்டால் என்னவெண்டு விளக்கத் தேவையில்லை. ஒரு பந்தி இருக்கும். கீழே ஐந்தாறு வினா. ஒத்தசொல் ஒண்டு, எதிர்ச்சொல் ஒண்டு கேட்டிருக்கும். கடைசியில் பொருத்தமான தலைப்பு இடச் சொல்லும். கிரகித்தல், கிரகணம் இரண்டுக்கும் வேர் ஒண்டுதான். பிடித்தல் எண்டு அர்த்தம். பந்தியின் கருத்தைப் பிள்ளை பிடிச்சுதா எண்டு பார்க்கிறதுக்குத்தான் இந்தப் பயிற்சி.

இப்ப இந்த வசனத்தை வாசியுங்கோ: “மிறுகன் துவலியிலே பொசிறினான்.” மிறுகன் எங்கே பொசிறினான்? துவலியிலே. மிறுகன் துவலியிலே என்ன செய்தான்? பொசிறினான். இரண்டுக்கும் முழுப் புள்ளி. மிறுகன் ஆர், துவலி எங்க கிடக்குது, பொசிறுறது நல்ல காரியமா கெட்ட காரியமா, ஒண்டும் தெரியாது. ஏனெண்டால் அந்த மூண்டு சொல்லும் நான் சும்மா கட்டினது. தமிழில் இந்த வேலை இன்னும் லேசு. வேற்றுமை உருபும் வினை விகுதியும் சொல்லோடயே ஒட்டி வாறதால, ‘இலே’யைக் கண்டால் இடம், ‘ஆன்’ஐக் கண்டால் செயல் எண்டு கை தன்பாட்டில் விடையை எழுதிவிடும். விளங்காமலே கிரகிக்கலாம்.

இது எங்கட வகுப்பறைகளுக்கு எப்பிடி வந்து சேர்ந்தது எண்டு பார்த்தால், அதுக்குப் பின்னால் ஒரு இருநூறு வருசக் கதை இருக்கு. அச்சும் பள்ளியும் முதலில் அடர்ந்த இடம் எண்டபடியால் கதையின் பெரும்பகுதி யாழ்ப்பாணத்தில்தான் நடக்குது.

மிசன் பள்ளிகளுக்கு முந்தின காலத்தில் பிள்ளைக்கு ஏடு தொடக்கினால், அதுக்குப் பிறகு சட்டம்பியாரின் திண்ணைதான். மணலில் விரலால் எழுத்து, பிறகு ஓலையில் எழுத்தாணி. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை எண்டு வரிசையாகப் போய், கொஞ்சம் வளர்ந்த பிள்ளை, இண்டைக்கு நாங்கள் தரம் 6, 7 எண்டு சொல்லுற வயசுப் பிள்ளை, நிகண்டுக்கு வரும். நிகண்டு எண்டால் செய்யுளில் கட்டின சொற்பொருள் நூல். திவாகரம், பிங்கலம் எல்லாம் இருந்தாலும் பிள்ளையளின் வாயில் கிடந்தது மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு. சமணர் ஒருவர் எழுதின நூலைச் சைவப் பிள்ளையள் தலைமுறை தலைமுறையாகப் பாடமாக்கியிருக்கினம்.

மனப்பாடம் எண்ட ஒரே சொல்லால் இந்த நூலைத் தள்ளிவிடுறது சரியில்லை. அதின் அமைப்பைப் பாருங்கோ. 12 தொகுதி. தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம், பல்பொருள், செயற்கை வடிவம், பண்பு, செயல், ஒலி எண்டு முதல் பத்துத் தொகுதியும் பொருள் வகைப்படி போகும். சொற்களைத் தனித்தனியாகத் தராமல் உறவுள்ள சொற்களைக் கூட்டமாகத் தரவேணும் எண்டு இண்டைக்கு ஆசிரியர் பயிற்சியில் சொல்லுறதை அந்த நூல் எப்பவோ செய்திருக்கு. பதினோராவது தொகுதி இன்னும் கெட்டித்தனமானது. ஒரு சொல்லுக்குப் பல பொருள் வாறவற்றை எதுகை வரிசையில் அடுக்கியிருக்கும். இரண்டாம் எழுத்தைப் பிடிச்சால் சொல் வரும். புத்தகம் கையில் இல்லாதவனுக்கு நாக்கே அகராதி.

அதின் குறை வேறை இடத்தில் இருந்தது. நிகண்டு செய்யுளுக்காகச் செய்யப்பட்டது. யானைக்கு எத்தனையோ பெயர் தெரிஞ்ச பிள்ளைக்கு, அந்தப் பெயர்களில் எதை எங்க பாவிக்கிறது எண்டு நிகண்டு சொல்லாது. சொல் இருக்கும், வசனம் இருக்காது.

வசனத்துக்கு, அதாவது விளக்கத்துக்கு, ஊரில் வேறொரு ஏற்பாடு இருந்தது. கோயிலில் கந்தபுராணம் படிக்கிற வழக்கம் தெரியும்தானே? ஒருத்தர் செய்யுளை இராகத்தோட வாசிப்பார். பக்கத்தில் இருக்கிறவர் அதுக்குப் ‘பயன்’ சொல்லுவார். சந்தி பிரிச்சு, பதம் பதமாகப் பொருள் சொல்லி, தேவைப்பட்டால் ஒரு கிளைக்கதையும் சேர்ப்பார். கேட்டுக்கொண்டிருக்கிற கிழவர்மார் பிழை பிடிப்பினம். வாசிப்பு விளக்கம் எண்டு நாங்கள் இண்டைக்குச் சொல்லுறதை ஊர் கூடிச் செய்த இடம் அது. ஒரு கேள்விக்கு ஒரு விடை எண்ட கணக்கு அங்க இல்லை. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துக் கலாசாரத்தைக் கந்தபுராண கலாசாரம் எண்டு சொன்னது இந்த வழக்கத்தையும் மனசில் வைச்சுத்தான். ஆனால் அந்த மண்டபத்துக்குள்ள ஆர் இருந்தவை, ஆருக்கு வாசலிலேயே தடை எண்ட கேள்வியை விட்டிட்டு அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு போக ஏலாது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைக்குத் திண்ணையும் இல்லை, மண்டபமும் இல்லை.

அமெரிக்க மிசன்காரர் 1816இல் வந்தினம். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியது. அவையளுக்குத் தமிழ்ச் சொல் அவசரமாகத் தேவைப்பட்டது, ஆனால் எதுகை பிடிச்சுத் தேடுற அளவுக்கு நாக்கு பழகியிருக்கேல்லை. அகரவரிசையில் சொல்லை அடுக்குற வேலையை வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியில் செய்திருந்தார். யாழ்ப்பாணத்தில் அந்த வேலை மானிப்பாய் அச்சகத்திலிருந்து 1842இல் வெளிவந்தது. சந்திரசேகர பண்டிதர் உழைச்ச அந்த யாழ்ப்பாண அகராதியில் 58,000க்கு மேற்பட்ட சொற்கள். பிறகு 1862இல் வின்சுலோவின் பெரிய தமிழ் ஆங்கில அகராதி.

அகராதியை எப்பவும் வளர்ச்சி எண்டுதான் சொல்லுறம். வளர்ச்சிதான். ஆனால் வகுப்பறைப் பக்கமாக நிண்டு பார்த்தால் ஒரு இழப்பும் தெரியும். நிகண்டில் சொல் தன் உறவுகளோட இருந்தது. அகராதியில் ‘அரசி’க்குப் பக்கத்தில் ‘அரிசி’ வந்து நிக்கும். சொல் பிள்ளையின் வாயிலிருந்து இறங்கி அலுமாரிக்குப் போனது. அந்த அலுமாரி எத்தனை வீட்டில் இருந்தது?

இந்த இரண்டு உலகத்திலும் கால் வைச்சவர் ஆறுமுக நாவலர். பேர்சிவல் பாதிரியாரிடம் படிச்சு, அங்கேயே படிப்பிச்சு, பைபிள் மொழிபெயர்ப்பிலும் இருந்தவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை. அடுத்த வருசம் அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குப் போன இடத்தில் அவர் அச்சிட்டவற்றில் ஒண்டு சூடாமணி நிகண்டுரை. பழைய பாடத்தை எறியேல்லை. அதுக்கு உரை சேர்த்துப் பதிப்பிச்சார். அதுக்குப் பிறகுதான் பாலபாடங்கள்.

பாலபாடத்தில் எனக்குப் பெரிசாகப் படுறது அதின் சமயம் இல்லை, அதின் வசனம். எழுத்திலிருந்து சிறு சொல், சொல்லிலிருந்து சிறு வசனம், கடைசியாக நாலாம் பாலபாடத்தில் கொலை, களவு, கள்ளுண்ணல் எண்டு தலைப்புப் போட்ட நீண்ட கட்டுரைகள். குறியீடுகள் இட்டு, சந்தியைக் குறைச்சு எழுதின உரைநடை. ராகம் தேவையில்லை, பயன் சொல்லுறவர் தேவையில்லை, பிள்ளை தனியாக இருந்து வாசிச்சு விளங்கலாம் எண்ட நம்பிக்கை அதுக்குள்ள இருக்கு. தமிழ்ப் பிள்ளையைப் பொறுத்தவரை இது பெரிய திருப்பம். நாவலர் சாதி விசயத்தில் தாராளமானவர் இல்லை. அவர் மனசில் வைச்ச பிள்ளை எந்தப் பிள்ளை எண்டது வேறை வழக்கு. எழுதின வசனம் மட்டும் அவர் போட்ட எல்லையைத் தாண்டிப் போனது.

அதே கையாலதான் அவர் சைவ வினாவிடையும் எழுதினார். மிசன்காரரின் ஞானோபதேச வினாவிடைக்குப் பதில் அது. கேள்வி ஒண்டு, விடை ஒண்டு, எல்லாப் பிள்ளைக்கும் அதே சொல். விடையை மாத்திச் சொன்னால் பிழை. கிரகித்தல் வினாவின் பாட்டன் ஆர் எண்டு கேட்டால், நான் பயன் சொன்ன மண்டபத்தைக் காட்டமாட்டன். இந்த வினாவிடையைத்தான் காட்டுவன்.

நடு வகுப்புப் பிள்ளைக்கெண்டே எழுதினவர் இன்னொருத்தர். சி. வை. தாமோதரம்பிள்ளை எண்டதும் கலித்தொகைப் பதிப்பும் தொல்காப்பியப் பதிப்பும்தான் எங்களுக்கு ஞாபகம் வரும். வட்டுக்கோட்டையில் படிச்சு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு பட்டதாரிகளில் ஒருவரான அவர், ஆறாம் வாசகப் புத்தகம், ஏழாம் வாசகப் புத்தகம் எண்டும் எழுதினவர். ஏட்டுச்சுவடியில் செல்லரிச்ச பாடத்தைத் தேடினவருக்கு, ஏழாம் வகுப்புப் பிள்ளை என்னத்தை வாசிக்கிறது எண்ட கவலையும் இருந்திருக்கு. இதைப் பற்றி எங்கட ஆய்வாளர்கள் போதுமான அளவு கதைக்கேல்லை எண்டுதான் நினைக்கிறன்.

பிறகு காசு வந்து கதையை மாத்தினது. 1869இல் கொழும்பில் பொதுப் போதனாத் திணைக்களம் அமைஞ்சது. உதவி நன்கொடை பெறுகிற பள்ளிகளுக்குப் பரீட்சைப் பெறுபேற்றின்படி பணம். பரிசோதகர் ஐயா வருவார். பிள்ளை எழும்பி நிண்டு வாசகப் புத்தகத்தில் ஒரு பகுதியை வாசிக்கவேணும். ஒருநாளில் ஒரு பள்ளிக்கூடத்தையே பார்த்து முடிக்கிற மனிசனுக்குப் பிள்ளைக்கு விளங்கிச்சுதா எண்டு துருவ நேரம் இருக்காது. காதால் கேட்டுப் புள்ளி போடலாம். தட்டாமல் வாசிச்சால் பள்ளிக்குப் பணம். இந்தக் கணக்கில் மனப்பாடம் திரும்பவும் உள்ளுக்கு வந்தது, இந்தமுறை நிகண்டின் பயன்கூட இல்லாமல். உரத்து வாசிக்கிற பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை எண்ட எண்ணம் எங்கட வீடுகளில் இண்டைக்கும் இருக்கிறதுதானே.

வகுப்பறைக்குள் ஆர் இருக்கிறது எண்ட சண்டையும் கூடவே நடந்தது. 1930ஐ ஒட்டி, உதவி பெறும் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளையளுக்கும் சம ஆசனம் எண்டு உத்தரவு வந்தபோது யாழ்ப்பாணத்தில் எதிர்ப்புக் கிளம்பி, பள்ளிகள் எரிக்கப்பட்டன. வாங்கில் இருக்க விடாதவனுக்குச் சொல்லை மட்டும் கொடுத்திருப்பினமோ?

கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945. ஆரம்ப வகுப்புகள் தாய்மொழிக்கு மாறின. 1950களில் ஆறாம் வகுப்பும் அதுக்கு மேலும். எங்கட கதையில் இதுதான் பெரிய உடைப்பு. அதுவரைக்கும் தமிழ் வாசிப்பு எண்டால் சமயமும் இலக்கியமும். இப்ப விஞ்ஞானம், சரித்திரம், புவியியல் எல்லாம் தமிழில் வாசிச்சு விளங்கவேணும். ஒட்சிசன், ஐதரசன் எண்டு கலைச்சொல் ஆக்கினம். அதில் நல்ல உழைப்பு இருக்கு. 1980இலிருந்து பாடநூலும் இலவசம். தீவு முழுக்கத் தமிழ்மொழிப் பிள்ளைக்கு ஒரே புத்தகம்.

ஆனால் சிக்கல் கலைச்சொல்லில் இருக்கேல்லை. விஞ்ஞானப் புத்தகத்தில் ஒளித்தொகுப்புப் பாடத்தை எடுங்கோ. பச்சையம் எண்ட சொல்லுக்கு விளக்கம் இருக்கும், படம் இருக்கும். “சூரிய ஒளியின் முன்னிலையில்” எண்டு ஒரு தொடர் வரும். அதுக்கு விளக்கம் இராது. அதே பிள்ளை முந்தின பாடவேளையில் ‘நீ, நீங்கள்’ முன்னிலை எண்டு இலக்கணம் படிச்சிட்டு வந்திருக்கும். ‘எனினும்’, ‘மாறாக’, ‘இதன் விளைவாக’, ‘அவ்வாறாயின்’ எல்லாம் இந்த வகைதான். வீட்டில் ஆரும் கதைக்காத சொற்கள், எந்தப் பாடத்தின் அரும்பதப் பட்டியலிலும் இல்லாத சொற்கள். பந்தியின் கருத்து திரும்புற இடம் இந்தச் சொற்களில்தான் இருக்கு. ‘எனினும்’ விளங்காத பிள்ளை வசனத்தின் முன்பாதியை மட்டும் நம்பிக்கொண்டு போகும். அதைத் தமிழாசிரியர் விஞ்ஞான ஆசிரியரின் வேலை எண்டு விடுவார். விஞ்ஞான ஆசிரியர் மறுபக்கம் விடுவார்.

யாழ்ப்பாணத்துக்கு வெளியில் இது இன்னும் இறுக்கம். மலையகத்தில் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டங்களுக்குப் பள்ளி நடத்தும் பொறுப்பைக் கொடுத்தது. துரைமாருக்குக் கொழுந்து பறிக்கிற கை வேணும், வாசிக்கிற கண் தேவையில்லை. கன தோட்டங்களில் ஒரு வாத்தியார், ஒரு அறை, ஐந்தாம் வகுப்போட முடிவு. அரசாங்கம் அந்தப் பள்ளிகளைப் பொறுப்பெடுத்தது 1970களில்தான். நிகண்டு, பாலபாடம், வாசகப் புத்தகம் எண்டு யாழ்ப்பாணம் ஏறின படிகள் ஒண்டும் இல்லாமல், நேரே தீவுக்கு ஒரு புத்தகம் எண்ட இடத்தில் கொண்டுவந்து விட்டதுபோலத்தான்.

திருக்குறளில் வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றின வண்டியைப் பற்றி ஒரு குறள் இருக்கு. மயிலிறகுக்கு வள்ளுவர் பாவிச்ச சொல் பீலி. வடக்கில் ஒரு பிள்ளைக்கு அது தெரியாத சொல். அரும்பதம் பார்த்து ‘மயிலிறகு’ எண்டு எழுதிப் பாடமாக்கும். ஹட்டனிலோ பசறையிலோ இருக்கிற பிள்ளைக்கு பீலி நல்லாத் தெரிஞ்ச சொல். லயத்துக்குக் கீழே தண்ணி விழுற இடம்; குளிக்கிறது, உடுப்புத் தோய்க்கிறது, குடத்தோட வரிசையில் நிண்டு சண்டை பிடிக்கிறது எல்லாம் பீலிக்கரையில்தான். தனக்குத் தெரிஞ்ச அந்தத் தண்ணிப் பீலியை வண்டியில் ஏத்திப் பார்த்து, இது எப்பிடி அச்சை முறிக்கும் எண்டு அந்தப் பிள்ளை யோசிக்கும். தமிழில் ஒரு சொல்லுக்கு ஒண்டுக்கு மேற்பட்ட பொருள் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறதுக்கெண்டு சூடாமணி நிகண்டில் பதினோராவது தொகுதி இருந்தது.