நடைவண்டி வந்த வழி

நடைவண்டிக்குக் கிடைக்கும் பழைய முகவரிகளில் ஒன்று காவிரிப்பூம்பட்டினம். நெல்லைக் கொத்த வந்த கோழியை விரட்ட ஒரு பெண் காதணியைக் கழற்றி வீசுகிறாள். அது குதிரை பூட்டாத மூன்று காலுள்ள சிறுதேரை உருட்டி வரும் பிள்ளைகளின் வழியை மறித்துக் கிடக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காட்டும் காட்சி இது. அவரே பாடிய பெரும்பாணாற்றுப்படையிலும் தச்சர் செய்த தேர் வருகிறது. அதை உருட்டிக் களைத்த பிள்ளைகள் செவிலியிடம் பால் குடித்துவிட்டுத் தூங்கிப்போகிறார்கள். இந்தத் தேரைத்தான் நம் நடைவண்டியின் முன்னோராக நான் நினைக்கிறேன். அதன் அருகில் ஒரு பெரியவர் இருப்பதையும் கவனிக்கிறேன்.

பிற்காலத்தில் அது பிள்ளைத்தமிழுக்குள் ஏறியது. ஐந்தாம் மாதம் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதில் கைதட்டும் சப்பாணி, பதின்மூன்றில் தளர்நடையிட்டு வரும் வருகை, இருபத்தொன்றில் சிறுதேர் என்று பருவங்களுக்கு மாதக் கணக்கே வைத்தார்கள். இன்று கிளினிக்கில் தாதி கேட்கும் கேள்விகளுக்கும் இந்த வரிசைக்கும் பெரிய தூரமில்லை.

பொருளோ மிக எளியது. முன்னே ஒரு சக்கரம், பின்னே இரண்டு, நிமிர்ந்து நிற்கும் சட்டம், அதன்மேல் ஒரு குறுக்குக் கட்டை. குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது உடம்பின் பாரம் உள்ளங்கால் வழியே தரைக்கு இறங்குகிறது. இடுப்பும் தொடையும் அதைத் தாங்கப் பழகுகின்றன. ஒரு காலைத் தூக்கும்போது மறு கால் தனியாகப் பாரம் சுமக்க வேண்டும். நடையில் கடினமான பாகம் அதுதான். குழந்தை தன் பாதங்களைக் குனிந்து பார்க்கலாம். பொத்தென்று உட்காரலாம், மறுபடி பிடித்து எழலாம். ஒரு தொல்லை உண்டு: கை அழுத்தினால் வண்டி முன்னால் ஓடிவிடும். தள்ளுவண்டியில் கொஞ்சம் பாரம் ஏற்றினால் வேகம் குறையும் என்பார்கள் பிசியோதெரபிஸ்டுகள். ஏற்றினாலும் ஆரம்ப நாட்களில் யாராவது முன்னால் குனிந்தபடி பின்னுக்கு நடந்துதான் ஆக வேண்டும். நடைவண்டி பெரியவரின் நேரத்தைக் கேட்கிறது.

அந்த நேரம்தான் தோட்டத்தில் இல்லாமல் போனது. மலேசியாவின் கேமரன் மலையில் 1929ல் போ தேயிலைத் தோட்டமும் 1933ல் பாரத் தேயிலையும் தொடங்கின. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, ஓடிய தாய்மார் கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போனார்கள். வரிசையாகச் சாரோங் தொட்டில்கள் தொங்கும். ஒரே ஆயா அத்தனை பிள்ளைகளுக்கும் பால் காய்ச்சி, ஆட்டி, அமர்த்த வேண்டும். பிள்ளையைத் தூங்கவைக்கும் பொருள் அங்கே நிலைத்ததில் வியப்பில்லை. கூடவே நடக்க ஆளைக் கேட்கும் பொருளுக்கு அங்கே ஏது இடம்?

பிறகு பிளாஸ்டிக் வாக்கர் வந்தது. வட்டச் சட்டத்துக்குள் துணி இருக்கையில் குழந்தையை உட்காரவைத்துவிட்டால் வீட்டார் வேலையைப் பார்க்கலாம். அது விற்றதே இதனால்தான். ஆனால் அதில் குழந்தை தொங்கிக்கொண்டு நுனிக்காலால் உந்துகிறது. இடுப்பு பாரம் தாங்குவதில்லை. முன்னால் உள்ள தட்டு பாதத்தை மறைத்துவிடுகிறது. இதில் வளர்ந்த குழந்தைகள் தாமதமாகவே நடந்தன என்று 1999ல் அமெரிக்க ஆய்வொன்று சொன்னது. 1990 முதல் 2014 வரை 15 மாதத்துக்கு உட்பட்ட 2,30,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் வாக்கர் விபத்துகளால் அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் படியில் உருண்டவர்கள். கனடா 2004ல் இதைத் தடையே செய்துவிட்டது.

கேமரன் மலையின் கியா பார்மில் இதை எண்ணும்போது எனக்குப் பதைக்கிறது. 1,500 மீட்டருக்கு மேலே, காய்கறித் தோட்டங்கள் படிப்படியாகச் சரியும் ஊர். அருகே சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகள். சமதரை அபூர்வம், வாசலைத் தாண்டினால் இறக்கம். வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் பயணிகள் சந்தையில் குவிவார்கள். கடை வைத்திருக்கும் பெற்றோருக்குப் பிள்ளையோடு இருக்க நேரமே கிடைக்காத நாட்கள் அவை. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. வாக்கரை மட்டும் வாங்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். கை ஓயாத பத்து நிமிடத்துக்கு ஒரு பாய் போதும்: குழந்தை குப்புறக் கிடக்கட்டும், தவழட்டும், நாற்காலியைப் பிடித்து எழட்டும்.

நடைவண்டியின் பயணத்தில் இன்னொரு கிளை உண்டு. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கு முன்னால் தள்ளும் வண்டி சில சமயம் உதவாது. மேலும் முன்னே சாய்ந்துவிடுவார்கள். அவர்களில் பலருக்குச் சட்டத்தை முதுகுப்பக்கம் வைத்து இழுத்து நடக்கும் வாக்கர் பொருந்துகிறது, உடம்பும் நிமிர்கிறது. யாருக்கு எது என்பதைச் சிகிச்சையாளர் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அவர் சொல்வதை நாள்தோறும் செய்ய வேண்டியது வீடு. இலங்கைப் பிசியோதெரபிஸ்ட் பத்மனி மெண்டிஸ் உள்ளிட்டோர் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக எழுதி 1989ல் வெளிவந்த பயிற்சிக் கையேடுகள் நேரடியாகக் குடும்பத்தாரிடம் பேசுகின்றன. மலேசியாவில் வீட்டாரைக் கொண்டே பயிற்சி தரும் இந்த வழி, அந்த வெளியீட்டுக்கு முன்பே, 1984ல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கியது. பிடிகே எனப்படும் சமூகம் சார்ந்த மறுவாழ்வு நிலையங்கள் அதன் தொடர்ச்சி. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981ல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று, பயிற்சியை அம்மாவின் கையில் பழக்கிவிட்டு வருகிறார்கள். மலைவாசிக்கு இதன் அருமை புரியும். நிபுணரைப் பார்க்க ஈப்போவுக்கு இறங்கி ஏறினாலே ஒரு நாள் கூலி போய்விடும். வாரத்தில் ஒரு மணி நேரச் சிகிச்சை, மீதி நாட்களில் குளிப்பாட்டும்போதும் உடுத்தும்போதும் வீட்டார் தொடராவிட்டால் கரைந்துபோகும்.

தனியாக நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை பரந்திருக்கிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு ஆய்வு. பக்கத்து வீட்டுப் பிள்ளை முந்தினால் கலங்க வேண்டாம். 18 மாதமாகியும் நடக்காவிட்டால் பொறுத்திருக்காமல் கிளினிக் புத்தகத்தோடு போய்க் காட்ட வேண்டும். சிகிச்சையாளர் பிடித்து நடக்கும் வாக்கர் கொடுத்தால் கைப்பிடி இடுப்பு உயரத்தில், முழங்கை லேசாக மடங்கும்படி இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளை வளர வளர அது தாழ்ந்துபோகும். பிள்ளை குனிந்து நடக்கத் தொடங்கும். அதை முதலில் காண்பவர் வீட்டில் கூட நடப்பவர்தான். அவர் வந்து சொன்ன பிறகே பிசியோ திருகைக் கழற்றிக் கைப்பிடியை ஒரு துளை மேலே ஏற்றுகிறார்.