வாசலில் சீனா, உள்ளே ஜப்பான்



மகள் வீட்டுக்கு அமெரிக்கா வந்திருக்கிறேன். டெக்சாஸ் மாநிலம், சான் அன்டோனியோ நகரம். போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி, "ஆச்சி, ஜப்பானிய டீ கார்டன் போலாம்" என்றாள். டீ கார்டன் என்றதும் நம் மாஞ்சோலை எஸ்டேட் மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனேன். ஒரு தேயிலைச் செடிகூட இல்லை! குளம், அல்லி, வண்ண மீன்கள், கல் பாலங்கள், ஓர் அருவி. பார்த்துக்கொண்டே தேநீர் குடிப்பதற்கான தோட்டம், அவ்வளவுதான்.

ஆனால் வாசலிலேயே எனக்குக் குழப்பம். வளைவில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது 'சீன டீ கார்டன்' என்று. "தப்பான இடத்துக்கு வந்துட்டோமா?" என்று கேட்டேன். மகளுக்கும் தெரியவில்லை, பேத்திக்கும் தெரியவில்லை. வரலாற்று டீச்சரைக் கிளப்பிவிட இது போதாதா? தேடித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அந்த இடம் முதலில் சுண்ணாம்புக்கல் குவாரி. தாழையூத்துப் பக்கம் சிமெண்டுக்காகத் தோண்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுபோலத்தான். 1908-ல் சிமெண்டு ஆலை வேறிடம் போய்விட்டது. 1917-ல் ரே லாம்பர்ட் என்ற பூங்கா ஆணையர், சிறைக் கைதிகளை வேலைக்கு வைத்து அந்தப் பள்ளத்தைத் தோட்டமாக்கத் தொடங்கினார். மேலே ஒரு மண்டபம், அதற்கு நம் ஊர் போல ஓலைக் கூரை.

1926-ல் கிமி எய்சோ ஜிங்கு என்ற ஜப்பானிய ஓவியரை நகர நிர்வாகமே அழைத்து அங்கே குடிவைத்தது. தேயிலை பற்றி நன்கு தெரிந்தவர். மனைவி மியோஷியோடு அங்கேயே வீடு, அங்கேயே தேநீர் அறை. எட்டுப் பிள்ளைகளை வளர்த்தார்கள். 1938-ல் அவர் காலமான பிறகும் குடும்பம் அங்கேயே இருந்தது.

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட உத்தரவால், மேற்குக் கரையில் வாழ்ந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். டெக்சாஸ் அந்த மேற்குக் கரை எல்லைக்குள் வரவில்லை. இருந்தும் அதே ஆண்டு ஜிங்கு குடும்பத்தை வெளியேற்றினார்கள். சீனா அப்போது நட்பு நாடு. எனவே தோட்டத்துக்குச் சீனப் பெயர் வைத்து, சீனக் குடும்பம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வாசல் வளைவைச் செய்தவர் டியோனிசியோ ரொட்ரிகேஸ் என்ற மெக்சிகோ கலைஞர். மரம் போலவே இருக்கிறது, தொட்டால் சிமெண்டு.

1984-ல்தான் ஜப்பானியப் பெயர் திரும்பி வந்தது. அந்த விழாவுக்கு ஜிங்குவின் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். வாசல் எழுத்தை மட்டும் அழிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

"பாவம் ஆச்சி, நம்ம நாட்டில இப்படி நடக்குமா?" என்றாள் பேத்தி. நடந்திருக்கிறது. அங்கே சீனர் நண்பர் என்றால், 20 ஆண்டு கழித்து இங்கே சீனர் எதிரி.

அசாமில் தேயிலை வேலைக்காக வெள்ளைக்காரர் சீனர்களை அழைத்து வந்தார்கள். அவர்களின் சந்ததியினர் மாக்கும் போன்ற ஊர்களில் தலைமுறைகளாக வாழ்ந்தார்கள். 1962 நவம்பரில் போர் நடந்துகொண்டிருந்தபோது அவர்களைப் பிடித்து ரயிலில் ஏற்றி, ராஜஸ்தானின் தேவ்லி முகாமுக்கு அனுப்பினார்கள். அசாமிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் கொண்டுபோனவர்கள் ஏறத்தாழ 3,000 பேர். பலர் இந்தியாவில் பிறந்தவர்கள், சீனாவைப் பார்த்தே அறியாதவர்கள். சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கே கிடந்தார்கள். பலருக்கு வீடும் கடையும் திரும்பக் கிடைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரர் ஜப்பானியக் குடும்பங்களை அடைத்துவைத்ததும் இதே தேவ்லியில்தான்.

அமெரிக்கா 1988-ல் சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் கொடுத்தது. தேவ்லியிலிருந்து மீண்டவர்கள் கேட்பதும் ஒரு மன்னிப்பைத்தான்.

என் மனசை உறுத்துவது வேறு. 1962 போரை வகுப்பில் எத்தனை வருஷம் நடத்தியிருப்பேன்! தேதி, காரணம், விளைவு என்று உங்களை ஒப்பிக்க வைத்திருக்கிறேன். தேவ்லி என்ற பெயரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பாடப்புத்தகத்தில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் வரலாற்று டீச்சர் தேடிப் படிக்காமல் இருந்ததற்கு அது சாக்கு ஆகாது.

உங்கள் பிள்ளைகள் அந்தப் பாடத்துக்கு வரும்போது இதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். நான் விட்டுப்போன பாடம் இது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஊருக்கு வந்துவிடுவேன். வீட்டுக்கு வாருங்கள், மீதியைத் தேநீரோடு பேசலாம்.