தோற்றவர்களின் தபால் தலை

புதிதாக ஓர் அரசு பிறந்தால் என்ன செய்யும்? கொடி ஏற்றும், நோட்டு அச்சடிக்கும், தபால் தலை வெளியிடும். இம்மூன்றில் அந்த அரசின் கதையை ஒளிக்காமல் சொல்வது தபால் தலைதான் என்பது என் கட்சி.

1861-ல் அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ள அமெரிக்காவின் தென் மாநிலங்கள் பிரிந்து போயின. அவர்களுடைய தபால் மந்திரி ஜான் ரீகன் காரியக்காரர். வாஷிங்டன் தபால் இலாகா உத்தியோகஸ்தர்கள் சிலரையே, படிவங்களோடு தம் பக்கம் வரவழைத்துக்கொண்டார். அக்டோபர் 16-ந் தேதி, தலைநகரான ரிச்மண்டில் கல்லச்சில் முதல் தபால் தலை வெளியாயிற்று. விலை 5 சென்ட், பச்சை நிறம், ஜனாதிபதி ஜெபர்சன் டேவிஸின் முகம். நேர்த்தி போதவில்லை. ஆகவே லண்டன் டி லா ரூ கம்பெனியை நாடினார்கள். விக்டோரியா ராணியின் முகத்தோடு நம் தேசத்துக்கு அச்சடித்துக் கொடுத்த அதே கம்பெனிதான்! சரக்கு, வடக்கத்தியாரின் கடல் முற்றுகைக்குத் தப்பி வரவேண்டியிருந்தது.

ஒரு வேடிக்கை. வடக்கே 3 சென்ட் தபால் தலையில் ஜார்ஜ் வாஷிங்டன். தெற்கே 1863-ல் வந்த 20 சென்ட் தபால் தலையிலும் அவரே. பிள்ளைகள் வெட்டிக்கொண்டு மடிந்தார்கள். தகப்பனார் படம் மட்டும் இரண்டு வீட்டிலும் தொங்கியது.

தென்னகச் சிப்பாய் தன் பெயரும் படைப்பிரிவும் எழுதி, தபால் தலை ஒட்டாமலே கடிதம் போடலாம். பெறுகிறவர் காசு கட்டவேண்டும். மகன் உயிரோடிருக்கிறான் என்ற சேதிக்குத் தாய் கூலி கொடுத்தாள். காகிதம் அரிதாகவே, வந்த உறையைப் பிரித்து உள்புறத்தை வெளியே திருப்பி மறுபடி அனுப்பினார்கள். சுவரில் ஒட்டும் பூக்காகிதத்தையும் உறையாக்கினார்கள். 1863 ஜூலையில் விக்ஸ்பர்க் கோட்டை விழுந்து மிசிசிப்பி நதி கைவிட்டுப் போன பிறகு, ஆற்றைக் கடக்கும் விசேஷத் தபாலுக்கு 40 சென்ட்!

இத்தனைக்கும் ரீகனின் இலாகா வரவுக்குள் செலவு செய்தது. கட்டணம் ஏறியது; சேவை குறைந்தது. சேனை பசியால் வாடியபோதும், நோட்டுகள் வெறும் காகிதமானபோதும், தபால் கணக்கு மட்டும் சரியாக இருந்தது.

அந்தப் பழைய உறைகளைக் கண்டு மனம் இளகுவது இயல்பே. ஆனால் அதே மண்ணில் சுமார் 35 லட்சம் அடிமைகள் இருந்தார்கள். பல மாநிலங்களில் அவர்களுக்கு எழுத்தறிவிப்பதே சட்டப்படி குற்றம். விற்கப்பட்டுப் போன மகனுக்கு அந்தத் தாய் எப்படிக் கடிதம் போடுவாள்?

1865 ஏப்ரல் 9-ல் தளபதி லீ சரணடைந்தார். மே 10-ல் ஜார்ஜியாவில் டேவிஸ் பிடிபட்டபோது ரீகனும் உடனிருந்தார். அந்தத் தபால் தலைகள் இன்று சேகரிப்பாளர்களின் ஆல்பங்களில் இருக்கின்றன. இருக்கட்டும். எழுதப்படாத கடிதங்களுக்காகப் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாகவும் இருக்கட்டும்.