இணையுலகமும் இரு கரைத் தமிழும்

ஒரே மாந்தர் இருவேறு உலகங்களில் பிறந்து வளர்ந்தால் எத்தகையோராய் அமைவர்? இவ்வினாவை அடிப்படையாகக் கொண்ட கதையொன்று 1967 அக்டோபர் 6-ஆம் நாள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. ‘ஸ்டார் டிரெக்’ என்னும் விண்வெளித் தொடரில் இடம்பெற்ற அக்கதையின் பெயர் ‘மிரர், மிரர்’. எழுதியவர் ஜெரோம் பிக்ஸ்பி.

கோளொன்றிலிருந்து தம் விண்கலத்துக்கு மீளும் வேளையில், தலைவர் கர்க்கும் தோழர் மூவரும் விண்புயலின் விளைவால் இணையுலகம் ஒன்றினுள் புகுந்துவிடுகின்றனர். அங்கும் அதே கலம், அதே பெயர்கள், அதே முகங்கள். ஆட்சியோ கொடுங்கோற் பேரரசு. மேலோரைக் கொன்று பதவி உயர்வு பெறுவது அங்கே வழக்கம். முகம் மாறவில்லை; முறை மாறியது; அதனால் மனிதரும் மாறினர்.

பல உலகங்கள் என்னும் எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. கந்தபுராணத்துச் சூரபன்மன் ஆயிரத்தெட்டு அண்டங்களை ஆண்டவன். ஆயினும் புராணம் காட்டுவது ஆட்சியின் பரப்பை. பிக்ஸ்பி காட்டுவது ஒருவனது மற்றொரு வாழ்வை. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. 1957-இல் இயற்பியலறிஞர் ஹியூ எவரெட் வகுத்த கொள்கை ஒருவாறு இதனை நெருங்குகிறது. நுண்பொருளை அளக்கும்போது, நிகழக்கூடிய முடிவுகள் யாவும் தனித்தனிக் கிளைகளாய் நிகழ்கின்றன என்பதே அதன் சாரம். அது மெய்ப்பிக்கப்பட்டதன்று. ஒரு கிளையிலிருந்து மற்றொன்றைச் சென்று காணவும் இயலாது.

வரலாற்றிலோ அத்தகைய இரு கிளைகளை ஓரளவு அருகருகே வைத்துக் காணலாம். ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே உள்ள பாலம் 1924-இல் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரே. இரு கரையிலும் குடியேறிய தமிழர் ஒரே ஊர்களிலிருந்து வந்தோர், பலர் உறவினர். கோ. சாரங்கபாணி 1935-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ‘தமிழ் முரசு’ இரு கரையிலும் படிக்கப்பட்டது. 1952-இல் தொடங்கிய தமிழர் திருநாளும் இரு கரைக்கும் பொதுவாய் நின்றது. 1963-இல் மலேசியாவில் இணைந்த சிங்கப்பூர், 1965 ஆகஸ்டு 9-இல் பிரிந்தது.

அதன்பின் வழிகள் வேறாயின. சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. ஆயினும் பெற்றோர் ஆங்கிலவழிக் கல்வியை நாடியமையால் தமிழ்ப்பள்ளிகள் குன்றின. உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982-இல் மூடப்பட்டது. இன்று தமிழ் அங்கே தாய்மொழிப் பாடமாக வாழ்கிறது. மலேசியாவில் தமிழ் ஆட்சிமொழியன்று. ஆயினும் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் தொடக்கக் கல்வியின் பயிற்றுமொழியாய் நிலைத்துள்ளது. இடைநிலைக்குச் சென்றதும் மாணவர் மலாய்வழிக்கு மாறுகின்றனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தோட்டப்பள்ளிகள் பல மாணவரின்றி வாடின. சில நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தன.

ஒரு கரையில் தமிழுக்கு அரியணை உண்டு, தனிப்பள்ளி இல்லை. மறு கரையில் பள்ளி உண்டு, அரியணை இல்லை. கதையிற்போல் ஒன்று நல்லுலகம், மற்றது தீயவுலகம் எனப் பிரித்தல் ஈண்டு இயலாது. ஒருவர் இழந்ததை மற்றவர் காத்தனர் என்பதே உண்மை. இம்முடிவுகளை ஊழ் விதிக்கவில்லை. சட்டம் இயற்றியோரும், பிள்ளையை எப்பள்ளிக்கு அனுப்புவதென முடிவு செய்த பெற்றோரும், வகுப்பறையில் நின்ற ஆசிரியரும் சேர்ந்து விளைத்தவை அவை.

கதையின் முடிவில், பேரரசுப் பக்கத்து ஸ்பாக்கிடம் கர்க் வேண்டுவது ஒன்றே: முறை தீயதாயின் அதனை மாற்ற ஒருவர் முன்வரவேண்டும். ஸ்பாக் உறுதி அளிக்கவில்லை. சிந்திப்பதாக மட்டும் கூறுகிறார். மாற்றம் சிந்திப்பதில்தான் தொடங்குகிறது. அக்கரைத் தமிழாசிரியர் பள்ளியின் அருமையை இக்கரையிலும், இக்கரைத் தமிழாசிரியர் சட்ட மதிப்பின் அருமையை அக்கரையிலும் கண்டறிதல் வேண்டும். இணையுலகத்துக்குச் செல்ல விண்புயல் வேண்டும். அக்கரைக்குச் செல்லப் பாலமே போதும்.