முதல் துப்பாக்கி

மல்லாங்கிணற்றைச் சுற்றிலும் கரிசல் பூமி. பருத்தியும் கம்பும் சோளமும் விளைந்த மண். கண்ணுக்கெட்டிய தொலைவு வரை மறைவென்று சொல்ல ஒரு கண்மாய்க் கரையும் சில உடைமரங்களும் அன்றி வேறில்லை. அங்கே மானுக்கு எங்கே போவது? மேற்கே திருவில்லிபுத்தூர் மலைக்குப் போனால் புள்ளிமான் உண்டு. நம் பக்கத்தார் மிளா என்றழைக்கும் கடமானும் உண்டு. தெற்கே வல்லநாட்டுக் குன்றில் வெளிமான் உண்டு. கரிசலில் ஓடுவது முயல்தான். அதைப் பிடிக்கத் துப்பாக்கி எதற்கு? சிப்பிப்பாறை நாயும் கன்னி நாயும் போதும்.

ஆயினும் துப்பாக்கி இப்பக்கத்து வீடுகள் சிலவற்றில் இருந்தது. பன்றியிடமிருந்து வெள்ளாமையைக் காக்க என்று உரிமம் பெற்றிருப்பார்கள்; மலைப்பக்கம் உறவினர் இருந்தால் அது மானையும் கண்டிருக்கும். இத்தகைய குடும்பங்களில் ஒரு கேள்வி எழுவதுண்டு: மீசை அரும்பும் பிள்ளையின் கையில் முதன்முதலாக எந்தத் துப்பாக்கியைக் கொடுப்பது? சிறு கேள்விதான். ஆனால் அரசர்களின் சரித்திரமும், ஆங்கிலேயர் சட்டமும், நம் மார்க்க நூலோரின் ஆராய்ச்சியும் அதற்குள் வந்து கூடுகின்றன.

முதலில் சொல்லையே எடுத்துக்கொள்வோம். துப்பாக்கி என்பது துருக்கிய மொழிச் சொல் ஒன்றின் வழி வந்தது. பாரசீகம், உருது முதலிய மொழிகளிலும் அதன் உறவுகள் உண்டு. அதற்குள் இடும் மருந்தின் உயிர்நாடியான வெடியுப்பை அரபு நாட்டார் ஒரு காலத்தில் ‘சீனத்துப் பனி’ என்றே அழைத்தனர். 1248இல் திமிஷ்கில் காலமான மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தாரின் நூலில் அப்பெயர் காணப்படுகிறது. அதே நூற்றாண்டில் சிரியாவைச் சேர்ந்த ஹஸன் அர்ரம்மாஹ் வெடியுப்பைத் தூய்மையாக்கும் முறையை எழுதி வைத்தார். கந்தக நெடியோடு கண்விழிக்கும் சிவகாசிக்காரருக்கு இச்செய்தி வியப்பளிக்காதிருக்காது!

இந்திய மண்ணில் துப்பாக்கியைக் கொண்டு வேட்டையாடியதற்குக் கணக்கு வைத்தவர் ஜஹாங்கீர். பன்னிரண்டு வயதில் தொடங்கி ஐம்பது வயது வரை தம் முன்னிலையில் வீழ்த்தப்பட்டவை 28,532 உயிர்கள் என்றும், அவற்றுள் தாமே கொன்றவை 17,167 என்றும் தம் நினைவுக் குறிப்பில் பதித்திருக்கிறார். நூர்ஜஹான் பேகம் யானை மீதிருந்தபடியே ஆறு வெடிகளில் நான்கு புலிகளைச் சாய்த்ததும் அதில் வருகிறது. அதே ஜஹாங்கீர் தம் செல்ல மான் இறந்தபோது அதற்கு நினைவுச் சின்னம் எழுப்பினார். இன்றைய பாகிஸ்தானில் ஷேகுபுராவில் நிற்கும் ஹிரன் மினார் அதுதான். வேட்டையாளனின் மனம் இப்படித்தான் இரண்டாகப் பிளந்து கிடக்கும் போலும். அன்றைய துப்பாக்கி திரி வைத்துக் கொளுத்துவது. நீளமும் பளுவும் மிக்கது. பன்னிரண்டு வயதில் அதைத் தாங்க அரண்மனைப் பிள்ளைக்குப் பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள்.

நம் பக்கத்துக் கதை வேறு. பாளையக்காரர் கிளர்ச்சி அடங்கிய பின், 1801 டிசம்பரில் கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் குடிகள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. பிறகு 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியரெல்லாம் உரிமம் பெற்றாக வேண்டுமென்றது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. 1887இல் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் அச்சட்டத்தைத் திருத்தக் கோரியது. அம்மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் பத்ருத்தீன் தையப்ஜி. அக்குடும்பப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஏனெனில், இந்திய முஸ்லிம் சிறுவன் ஒருவனுக்குக் கிடைத்த மிகப் புகழ்பெற்ற முதல் துப்பாக்கி அக்குடும்பத்துப் பெரியவர் ஒருவரின் வீட்டிலிருந்தே வந்தது. பம்பாயில் தாய் தந்தையரை இழந்து, மாமா அமீருத்தீன் தையப்ஜியின் வீட்டில் வளர்ந்த பிள்ளை ஸாலிம் அலி. மாமா வேட்டைப் பிரியர். மருமகனுக்கு அவர் கொடுத்தது ரைபிள் அன்று, காற்றுத் துப்பாக்கி. பையன் குருவி சுட்டான். ஒரு கூட்டைக் காவல் காத்த ஆண் குருவிகளை ஏழு நாட்களில் எட்டு வீழ்த்தியதையும், ஒவ்வொன்று விழும்போதும் பெட்டை வேறோர் ஆணைச் சேர்த்துக்கொண்டதையும் சிறு வயதிலேயே குறித்து வைத்தான். 1908இல் ஒரு நாள் விழுந்த குருவியின் தொண்டையில் மஞ்சள் தீற்று இருந்தது. இது உண்ணத்தக்க பறவைதானா என்ற ஐயம் பிள்ளைக்கு! மாமாவிடம் கொண்டு போனான். மாமா பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் மில்லார்டிடம் அனுப்பினார். மில்லார்ட் அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொல்லி, பதம் செய்து வைத்திருந்த பறவைகளை அலமாரி அலமாரியாகத் திறந்து காட்டினார். இந்தியப் பறவையியலின் பேரறிஞராகி 1987இல் மறைந்த ஸாலிம் அலியின் வாழ்வு அங்கே திரும்பியது. ஹலாலா அல்லவா என்று கேட்கத் தயங்கியிருந்தால் அக்குருவி குழம்பில் கரைந்து போயிருக்கும்.

குமாயூன் மலையில் ஜிம் கார்பெட்டின் முதல் துப்பாக்கியும் பறவைக்காக வந்ததே. அவருக்கு எட்டு வயது. பறவைகளைப் பற்றி நூலெழுதிக்கொண்டிருந்த உறவினர் ஒருவர் பழைய இரட்டைக்குழல் வாய்க்கெட்டிப்புத் துப்பாக்கியைக் கொடுத்தார். மருந்து மிகுந்து வலக்குழல் பிளந்து போயிருந்தது. உடைந்த கட்டையைப் பித்தளைக் கம்பியால் சுற்றி நிறுத்தியிருந்தார்கள். எஞ்சியது ஒரு குழல், ஒரு வெடி. தவறினால் மறுபடி மருந்திட்டு, துணி திணித்து, ரவை இட்டு, கெட்டித்து, தொப்பி பொருத்துவதற்குள் பறவையோ மிருகமோ ஊர் கடந்திருக்கும். குன்வர் சிங் என்ற கிராமத்து வேட்டைக்காரர் அந்தத் துப்பாக்கியைக் கண்டபோது பையனுக்குச் சொன்ன முதல் புத்தி சுடுவதைப் பற்றியதன்று. மரம் ஏறக் கற்றுக்கொள் என்பதே.

கரிசல் நாட்டுப் பழைய வேட்டைக்காரர்களும் ஒற்றைக்குழலையே பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். வறுமை அதற்குப் பாதிக் காரணம். மீதிக் காரணம் அறிவு. குழலின் அளவைச் சொல்லும் முறையிலேயே அது விளங்கும். ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் அவற்றுள் ஒன்று பொருந்தும் குழல் பன்னிரண்டாம் நம்பர். இருபதாக்கினால் இருபதாம் நம்பர். எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும், பளு குறையும், தோளில் உதைப்பது தணியும். இளைஞனுக்கு இருபதே ஏற்றது. உதைக்குப் பயந்தவன் விசையை இழுக்கையில் கண்ணை மூடுவான். கண்ணை மூடியவனின் குண்டு மானின் வயிற்றில் படும். வயிற்றில் பட்ட மான் உடனே விழாது. இரவெல்லாம் எங்கோ கிடந்து துடிக்கும்.

ரைபிள் என்பது குழலின் உட்புறம் சுரிவரி வெட்டியது. குண்டு சுழன்று நேரே போகும். இருநூறு கஜத்திலும் குறி தப்பாது. வழவழப்பான குழலில் சிதறு ரவைக்கு நாற்பது கஜம், ஒற்றைக் குண்டுக்கு ஐம்பது கஜம் என்று கொள்ளலாம். மலைச்சரிவில் ரைபிள் நல்லது. தவறிய குண்டை மண் விழுங்கிவிடும். மல்லாங்கிணறு போன்ற சமவெளியிலோ சின்ன இருபத்திரண்டு ரைபிளின் குண்டும் தவறினால் ஒரு மைல் தாண்டும். அந்த ஒரு மைலுக்குள் கிணற்றடி இருக்கும், ஆட்டுக்கிடை இருக்கும், களையெடுக்கும் பெண்கள் இருப்பார்கள். உரிமம் தரும் அதிகாரிகள் நாட்டுத் துப்பாக்கிக்கு இசைந்து ரைபிளுக்குத் தயங்கியதில் அரசியல் இருந்தது உண்மையே. இந்த நியாயமும் இல்லாமலில்லை.

இனி மார்க்கத்தின் பக்கம். வேட்டையைத் திருமறை ஒரேயடியாய் விலக்கவில்லை. பழக்கிய வேட்டை நாய் பிடித்ததை அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ண அனுமதிக்கிறது. இஹ்ராம் கட்டிய நிலையில் தரைவேட்டை விலக்கு. கொடைக்குப் பெயர்போன ஹாத்திம் தாயின் மகனார் அதிய்யு (ரலி) நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் எறிகோலைப் பற்றிக் கேட்டார். கூர்முனை பட்டுத் துளைத்ததை உண்ணலாம், அகலவாட்டில் அடிபட்டுச் செத்ததை உண்ணலாகாது என்பது அவருக்குக் கிடைத்த விடையின் சாரம்.

துப்பாக்கி வந்தபோது சிக்கல் பிறந்தது. ஈயக்குண்டு துளைக்கிறதா, மோதிக் கொல்கிறதா? திமிஷ்கின் ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன், குண்டு கூர்மையால் அன்றி வேகத்தாலும் சூட்டாலும் கொல்வது, ஆகவே ஆகாது என்றார். ஏறக்குறைய அதே காலத்தில் யமனில் வாழ்ந்த ஷவ்கானியோ, குண்டு துளைத்துச் செல்வதால் ஆகும் என்றார். தீர்ப்பு ஆலிம்களுக்குரியது. நம் வேட்டைக்காரர்கள் வாதத்துக்குள் நுழையாமல் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டார்கள். விழுந்த மிருகத்தின் உயிர் அடங்குமுன் ஓடிச் சென்று அறுத்துவிட்டால் ஐயமே இல்லை அல்லவா? இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். அறுக்க வேண்டுமென்றால் அருகில் இருக்க வேண்டும். அருகில் இருக்க வேண்டுமென்றால் காற்றெதிரே பதுங்கி நெருங்கக் கற்றிருக்க வேண்டும். இருநூறு கஜத்து ரைபிள் அவனுக்கு வீண். நாற்பது கஜத்து ஒற்றைக்குழலையே அவன் கத்தி தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டது. இந்தக் கோணத்தை வேட்டை நூல்கள் எழுதிய துரைமார் பார்க்கவில்லை.

இன்று கேள்வி வேறாகிவிட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வெளிமானை முதல் அட்டவணையில் வைத்து முற்றிலும் காத்தது. சில விலங்குகளுக்கு மட்டும் வேட்டை உரிமத்துக்கு இடமளித்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வாயிலையும் அடைத்தது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் பதினாறாக இருந்த வயது வரம்பு 1983இல் இருபத்தொன்றாயிற்று. வல்லநாடு 1987இல் வெளிமான் சரணாலயமாயிற்று. திருவில்லிபுத்தூர் மலை 2021 முதல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகம். இளைஞன் ஒருவன் குறிபார்க்க விரும்பினால் பயிற்சிக்கூடத்தில் காகித இலக்கும் காற்றுத் துப்பாக்கியும் உண்டு. ஸாலிம் அலி தொடங்கிய அதே கருவி.

பழைய ஒற்றைக்குழல்கள் சில வீடுகளில் உரிமத்தோடு இன்னும் தொங்குகின்றன. தேர்தல் அறிவிப்பு வந்தால் அவற்றைத் துணியில் சுற்றிக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருகிறார்கள். முடிவு வெளியான பின் போய் மீட்டு வருகிறார்கள். பல துப்பாக்கிகளுக்கு இப்போது வாய்க்கும் பயணம் அது ஒன்றுதான்.