கரிமருந்துக்குப் பங்காளி

சிவகாசியில் கரி என்றதும் கரிமருந்துதான் நினைவுக்கு வரும்: வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. அந்தக் கரிக்கு ஒரு பங்காளி உண்டு. வீட்டுத் தண்ணீர் ஃபில்டருக்குள் கறுப்புக் குருணையாகக் கிடக்கிறதே, அதுதான்.

1785இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் தோபியாஸ் லோவிட்ஸ் என்ற மருந்தாளர் டார்டாரிக் அமிலம் காய்ச்சிப் பார்த்தார். கரைசல் பழுப்பேறிக்கொண்டே இருந்தது. கரித்தூளைச் சேர்த்தார், பழுப்பு போன இடம் தெரியவில்லை. சர்க்கரை ஆலைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அடுத்த தலைமுறைக்குள் எலும்புக் கரியில் பாகை வடித்து வெள்ளைச் சர்க்கரை விற்றார்கள்.

விருதுநகர்ப் பக்கம் சீமைக்கருவேலங் கட்டையை அடுக்கி, மண் பூசி, கரிமூட்டம் போடுவார்கள். அந்த அடுப்புக்கரிக்கு ஃபில்டர்க் கரியின் வலு கிடையாது. 1900ஐ ஒட்டி ரஃபேல் ஃபான் ஆஸ்ட்ரெய்கோ, செக்கச்செவேலென்று கனன்ற கரிக்குள் நீராவியைச் செலுத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். நீராவி கரியை அரித்துக் கண்ணுக்குத் தெரியாத துளைகளைக் குடைந்துவிடும். நல்ல கரியில் ஒரே கிராமுக்குள் ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு, கிட்டத்தட்ட 25 சென்ட் நிலம்! சாயமும் வாடையும் அந்தச் சுவர்களில்தான் ஒட்டிக்கொள்கின்றன.

முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று இப்ரஸ் போர்முனையில் ஜெர்மானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். முகமூடிக்குக் கரி வேண்டும். அமெரிக்காவில் பீச் பழக்கொட்டைகளை வீடு வீடாகத் திரட்டினார்கள். சிரட்டைக் கரிக்கு மவுசு கூடியது. குப்பைக்குப் போக வேண்டியது உயிர் காக்கும் சரக்கானது இப்படித்தான்.

1922இல் சிவகாசிக்காரர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். அய்ய நாடார் பெயரைத் தாங்கிய சிவகாசிக் கல்லூரியில் என். கண்ணனும் எம். மீனாட்சிசுந்தரமும் வைக்கோல், உமி, கடலைத்தோடு, சிரட்டை, மூங்கில் தூள் எல்லாவற்றையும் கரியாக்கி, மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம் கலந்த தண்ணீரில் போட்டுப் பார்த்தார்கள். 2001இல் ஆய்வு வெளியானது. கடையில் விற்கும் ஃபில்டர்க் கரியின் ஒரு கிராம் சுமார் 980 மில்லிகிராம் சாயத்தைப் பிடித்தது. அதற்கு அடுத்து வந்தது பேர்பெற்ற சிரட்டை அல்ல, வைக்கோல்: 472. உமிக்கு 343, சிரட்டைக்கு 278.

உப்புத் தண்ணீரை இந்தக் கரி நல்ல தண்ணீராக்காது; அதன் வேலை சாயத்தையும் நாற்றத்தையும் பிடிப்பதுதான். தீப்பெட்டிக்காகக் கல்கத்தா வரை போன ஊர் இது. வைக்கோல் கரிக்கு இங்கேயே ஒரு சூளை எழ வேண்டும் என்பது என் ஆசை.